தலையைத் தூக்காதேங்கோ மாமா

ஆடி மாதத்தில் எங்கள் ஆட்கள் கலியாணம் வைப்பதில்லை. அதனால் அந்த மாதம் முழுக்க வெள்ளவத்தையில் ஒரு வீடியோக் கமரா சும்மா கிடந்தது. அது சும்மா கிடந்ததால்தான் பள்ளிக்கூடத்தில் என்னுடைய அட்சரகணிதப் பாடம் நாசமாய்ப் போனது.

கமரா மாமாவுடையதல்ல. அம்மாவின் தம்பியான அவர், கலியாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் லைட் பிடித்தார். மணமக்களின் முகத்துக்கு நேரே பெரிய லைட்டைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்காக நிற்கிற வேலை. கலியாணம் இல்லாத நாளில் ஸ்னூக்கர். எங்கள் ஒழுங்கையில் பழைய கராஜ் ஒன்றுக்குள் ஒரேயொரு மேசை போட்டிருந்தார்கள். அங்கே மாமா நல்ல ஆட்டக்காரர் என்று பெயர். ஆனால் விழுந்தே ஆகவேண்டிய பந்தைச் சரியாகத் தவற விடுவார்.

கொள்ளுப்பிட்டியில் ஒரு கிளப்பில் மார்க்கர் வேலை காலியாக இருந்தது. பந்து எடுத்து வைப்பது, புள்ளி எழுதுவது, சோடி கிடைக்காத அங்கத்தவரோடு விளையாடுவது. ஆவணி பிறந்ததும், வருகிறவர்களை விளையாட வைத்துப் பார்த்து ஒருவரை எடுப்பார்கள். எடுபட்டால் கிளப்பின் பெயர் அச்சடித்த கடிதமும், படம் ஒட்டிய அட்டையும் கிடைக்கும். மாமா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒன்றரை வருடம். அதற்குள் இரண்டு தரம் பொலிஸ் ஜீப்பில் வந்து பிடித்துக்கொண்டு போய், கொழும்பில் உனக்கு என்ன வேலை என்று கேட்டு, ஒரு தரம் மூன்று நாள், மற்றத் தரம் ஐந்து நாள் வைத்திருந்தது. லைட் பிடிப்பவனுக்கு யாரும் கடிதம் கொடுப்பதில்லை. "அந்தக் கடிதம் ஒண்டு கையில இருந்தாக் காணும்" என்று சோறு போடும்போதெல்லாம் அம்மா சொல்வார். எனக்கு அது என்னுடைய தேர்ச்சி அறிக்கை போல ஒரு கடதாசியாகத்தான் பட்டது.

பெரிய ஆட்டக்காரர்கள் தங்கள் ஆட்டத்தை வீடியோ எடுத்துப் பார்த்துப் பிழை திருத்துவார்களென்று யாரோ மாமாவுக்குச் சொல்லிவிட்டார்கள். கமரா வீட்டுக்கு வந்தது, கூடவே அதை இயக்கும் விதம் சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றும். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர், மாமா ஏழோடு. எங்கள் வீட்டில் ஒன்பதாம் வகுப்பை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே புத்தகம் என் தலையில் விழுந்தது. இரண்டு பின்னேரம் அகராதியோடு இருந்து அதை வாசித்தேன்.

கராஜ் வாசலோரம் முக்காலியில் கமராவைப் பூட்டி வைத்தேன். மாமா பவுடர் போட்டு, கலியாண வீடுகளுக்கு உடுத்தும் மெரூன் சேட்டோடு வந்தார். கியூக் கோலைப் பிடித்துக் குனிந்தார். அடிக்க முதல் கமராவைப் பார்த்து மெல்லச் சிரித்தார்.

"ஏன் மாமா சிரிக்கிறியள்?"

"படத்தில முகம் வடிவா விழ வேணுமடா. எத்தினை மாப்பிள்ளையளுக்கு நான் சொல்லிக் குடுத்தனான்."

"முகம் தேவையில்லை. கைதான் தேவை."

வாத்தியாருக்குச் சொல்வதுபோல "ஓம் சேர்" என்றார். அடுத்த அடிக்கும் சிரித்தார்.

சிரிப்பை நிறுத்த மூன்று நாள் பிடித்தது. எடுத்ததை வீட்டு ரீவியில் போட்டுப் பார்த்தோம். இரவல் வாங்கிய வீடியோ டெக்கில் சத்தத்துக்கான வயர் அறுந்திருந்ததால் படம் மட்டும்தான் தெரிந்தது. நான் கொப்பியில் கோடு கீறி, கால், முழங்கை, தலை என்று எழுதிக்கொண்டேன். முழங்கையில் ஒரு பிழையும் இல்லை. பிழைத்த அடிகள் இருபது. அதில் பதினான்கில், கியூ பந்தில் படுவதற்குச் சற்று முன் மாமாவின் தலை மேலே எழும்பிக் கமராப் பக்கம் பார்த்தது.

"மாமா, இன்னும் கமராவைத்தான் பாக்கிறியள்."

"இல்லையடா."

"இந்தா, படத்திலயே இருக்கு."

மாமா திரையை உற்றுப் பார்த்தார். பிறகு, "அந்தச் சேட்டு எனக்கு எடுப்பாத்தான் இருக்கு, என்னக்கா?" என்று அம்மாவைக் கேட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை பின்னேரம் மினக்கெட்டுப் பிழையைக் கண்டுபிடித்துக் கையில் கொடுத்தால், அவர் சேட்டைப் பார்க்கிறார்.

மிச்ச நாள் முழுக்க நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தலையைத் தூக்காதேங்கோ மாமா. தூக்கினார். கமராவுக்கு மேல் துவாயைப் போட்டு மூடினேன். அப்போதும் தூக்கினார். "வேணுமெண்டு செய்யிறியளோ?" என்று கேட்டுக் கொப்பியை எறிந்தேன். "மாமாவோட கதைக்கிற கதையே இது?" என்று அம்மா எனக்குத்தான் ஏசினார். மாமா கொப்பியைப் பொறுக்கித் தூசு தட்டித் தந்தார்.

ஆவணியில் கிளப்புக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வந்திருந்த நாலு பேரில், கடைசியில் மாமாவும் இன்னொருவரும் மிஞ்சினார்கள். கொழும்பின் பெரிய தெருவான காலி வீதியோரக் கட்டடம், கதவு திறந்திருந்தது. நான் கதவடியில் நின்றேன். கடைசிக் கறுப்புப் பந்து பொக்கெட் வாயிலேயே கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் விழும். மாமா குனிந்தார். கியூ முன்னே போகிற நேரத்தில் தலை எழும்பியது. நேரே என்னைப் பார்த்தார். பந்து பொக்கெட் விளிம்பில் இடித்துத் திரும்பி வந்தது.

மற்றவருக்கு வேலை கிடைத்தது. பஸ்ஸில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தேன்.

"கோபமோ சேர்?"

"நான் எழுதியே தந்தனான்."

"ஓமடா" என்றார். அடுத்த தை மாதம் ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் ஒருவனோடு வெளிக்கிட்டு, எத்தனையோ நாடு சுற்றி, சுவிஸ் போய்ச் சேர்ந்தார்.

போன மாதம் தன் பிள்ளைகளுக்குக் காட்ட அந்தப் படம் வேண்டுமென்று கேட்டார். அலுமாரிக்கு மேல் கிடந்த கசற்றைக் கணினிக்கு மாற்றக் கொடுத்தேன். அன்றுதான் அதை முதன்முதலாகச் சத்தத்தோடு பார்த்தேன்.

கடற்கரையோரமாக ரயில் போகிறது. கராஜ் தகரமெல்லாம் அதிர்கிறது. மாமாவின் தலை அசையவில்லை, பந்து விழுகிறது. அடுத்த அடி. ஒழுங்கைக்குள் ஏதோ ஒரு வாகனம் வந்து வேகம் குறைகிறது, பிரேக் சத்தம். தலை எழும்புகிறது. கண் கமராவில் இல்லை. கமராவுக்குச் சற்று அப்பால், வாசலில் இருக்கிறது.

பதினான்கையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பதினான்கிலும் வாகனம். பிந்திய நாட்களில் எடுத்ததிலும் வாகனம்தான். அதில் ஒவ்வொன்றுக்கும் பிறகு, கமராவின் பின்னாலிருந்து, உடையாத குரலில் ஒருவன் சலித்துக்கொள்கிறான்.

"மாமா, தலை."

"ஓம் சேர்" என்கிறார் மாமா, வாசலைப் பார்த்தபடியே.