திங்கட்கிழமை மாலை மூடியிருக்கும் ஹோட்டல்

இன்று மாலை பென்னாகரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பசி. நேராக பாய் ஹோட்டலுக்குப் போனேன். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது.

உள்ளே பாய் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

“திங்கக்கெழம சாயங்காலம் அடுப்பு பத்த வெக்கறதில்லீங்க.”

ஏன் என்றேன்.

“அறுபத்தஞ்சுல பாகிஸ்தான் சண்டை நடந்தப்ப, நாட்டுல தானியம் பத்தல, வாரத்துல ஒரு வேளை சோறு வுடுங்கன்னு பிரதமர் கேட்டாருங்க. மொதல்ல தன் வூட்டுல நிறுத்திட்டுத்தான் கேட்டாரு. எங்க அத்தா அந்த வாரமே மூடிட்டாரு.”

“சண்டை அப்பவே முடிஞ்சிருச்சே பாய்?”

“தொறங்கன்னு சொல்றதுக்குள்ள அந்தப் பிரதமரு போய்ச் சேந்துட்டாருங்க. வேற யாரு சொல்லித் தொறக்கறது?”

பசியோடுதான் வீடு வந்தேன். ஆனாலும் மனசு நிறைந்திருந்தது.

இன்றைக்கு யார் கேட்டால் நீங்கள் ஒரு டீயையாவது விடுவீர்கள்? நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். டீ குடித்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன்.