சகலையின் ஜாடி

சுருளுவைப் பார்த்தால் பொறாமைக்காரன் என்று யாருக்கும் தோன்றாது. சாதுவான முகம். பட்டறையில் கடைசல் எந்திரம் ஓடத் தொடங்கினால் உளியிலிருந்து மரச்சுருள் பறந்துவந்து தலையில் விழும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போதும் ஒன்றிரண்டு முடியில் தொங்கிக்கொண்டிருக்கும். பேர் வந்தது அப்படித்தான். கட்டில் கால், நாற்காலிக் கால் என்று எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் படுப்பதும் உட்காருவதும் அவன் கடைந்த காலின் மேல்தான். பக்கத்து வீட்டுக்காரன் புது வண்டி வாங்கினால் முதலில் போய்த் தட்டிக்கொடுத்துவிட்டு வருகிறவனும் அவன்தான்.

அவனுக்கு இருந்த வயிற்றெரிச்சல் முழுக்க ஒரே ஆள் மேல். சகலை மேல்.

சகலை என்றால் சுருளு மனைவியின் அக்கா புருஷன். அவரும் கடைசல்காரர். வயதில் மூத்தவர், மாமனார் வீட்டில் மூத்த மாப்பிள்ளை, அதனால் நானும் அவரை மூத்தவர் என்றே சொல்லிவிடுகிறேன். ஒரே மாமனார், ஒரே தொழில். பட்டறையாவது வேறு வேறு தெருவில் இருந்ததே, அந்த மட்டில் கடவுள் கருணை உள்ளவர். நான் சுருளுவின் பட்டறைக்கு எதிரே சாணை பிடிக்கிறவன். இரண்டு பேர் உளியும் என்னிடம்தான் தீட்ட வரும். மூத்தவருடைய உளி வந்த அன்று சுருளு அதைக் கையிலெடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்ப்பான். "இதுல என்னய்யா இருக்கு? என்னுதும் இதே இரும்புதானே?" என்பான்.

மூத்தவர் கால் கடைவதை விட்டுவிட்டு அலங்காரச் சாமானுக்கு மாறியிருந்தார். கிண்ணம், பூச்சாடி, விளக்குத் தண்டு. சுருளுவின் மனைவி அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே வார்த்தைதான் சொல்லுவாள்: "அத்தான் கைன்னா கைதான்." கெட்ட எண்ணத்தில் சொல்லுகிறவள் இல்லை. மழை வந்தால் மழை வருகிறது என்று சொல்லுவதைப் போலச் சொல்லுவாள். ஆனால் சுருளுவுக்கு அது காதில் ஊற்றிய ஈயம். கல்யாணமான நாளாகத் தன் வேலை ஒன்றைப் பார்த்து அவள் அப்படி ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அது போதும் அவனுக்கு. கட்டில் காலைப் பார்த்து யார் ஆகா என்பார்கள்?

மாமனார் தன் பழைய வீட்டை இடித்தபோது நல்ல உத்தரம் ஒன்று இறங்கியது. உளுக்காத, முற்றிய மரம். அதைச் சரிபாதியாக அறுத்து மாப்பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தார். அன்றே சுருளுவுக்குக் குறை. தன் பாதியில் ஆணி அதிகம் என்றான். மாமனாருக்கு யார் மேல் பாசம் என்பதற்கு அந்த ஆணிகளே சாட்சியாம். எண்ணி வேறு காட்டவந்தான். "போய் வேலையைப் பாருய்யா" என்று விரட்டிவிட்டேன்.

மூத்தவர் தன் பாதியில் ஒரு ஜாடி கடைந்து, அதை மச்சினிக்கே கொண்டுவந்து கொடுத்தார். நானும் பார்த்தேன், பொய் சொல்லக்கூடாது, அழகுதான். பானை வயிறு, ஒல்லிக் கழுத்து, கட்டைவிரல் மட்டும் நுழையும் வாய். வயிற்றைச் சுற்றிச் சூடான கம்பியால் இழுத்த ஒரு மெல்லிய பழுப்புக் கோடு. கையில் எடுத்தால் காய்ந்த சுரைக்குடுக்கை மாதிரிக் கனமே இல்லை.

"இந்த வாய் வழியாவா உள்ள குடைஞ்சீங்க?" என்று சுருளு கேட்டான்.

"வேற எது வழியா? வளைஞ்ச உளிய விட்டு, சத்தத்தை வெச்சே குடையணும். கண்ணுக்குத் தெரியாது பாரு. அதெல்லாம் ஒரு பழக்கம், சகல" என்றார் மூத்தவர்.

அன்றிலிருந்து சுருளுவுக்குச் சோறு இறங்கவில்லை. தன் பாதி உத்தரத்தில் ஆணி பிடுங்கி, துண்டு போட்டு, தானும் அதே மாதிரி வாய் வழியாகக் குடையத் தொடங்கினான். முதலாவது ஜாடி விலாவில் ஓட்டையாகிப் போயிற்று. அடுத்ததில் அடி கழன்றது. பயந்து பயந்து குடைந்த ஒன்று முழுசாக வந்தது, ஆனால் அம்மிக்குழவி கனம். வீட்டில் அதைக் கொண்டுபோய் வைத்தான். மறுநாள் அது சமையலறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. "காத்துல கதவு அடிச்சுக்கிட்டே இருந்துதுங்க, இது நல்லா நிக்குது" என்று மனைவி பாராட்டவே செய்தாளாம். இதை அவன் அழாத குறையாக என்னிடம் சொன்னான். எனக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு.

அப்புறம் ஒருநாள் துண்டில் சுற்றி எதையோ தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டான். பிரித்தால் மூத்தவருடைய ஜாடி.

"மெருகு மங்கிருச்சு, மெழுகு போட்டுக் கொண்டாரேன்னு சொல்லி எடுத்தாந்தேன். 'பத்திரம், அத்தான் வேலை'ங்கிறா. நான் என்ன, தேங்காய் உடைக்கவா கொண்டுபோறேன்?"

"சரி, மெழுகப் போடு."

"சுவர் எவ்வளவு மெல்லிசுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும், சாணை. அறுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"யோவ், உன் பொண்டாட்டி உன்னை அறுப்பா!"

நான் சொல்லி முடிப்பதற்குள் ஜாடி எந்திரத்தில் ஏறிவிட்டது. பழுப்புக் கோட்டுக்கு ஒரு நூல் கீழே, என்னிடம் தீட்டிய ஒல்லி உளியை வைத்தான். பொறாமை வந்தவன் கை நடுங்கும் என்று நினைத்திருந்தேன். நடுங்கவே இல்லை. ஜாடி இரண்டாகக் கழன்று கைக்கு வந்தது.

மேல்பாதியின் விளிம்பில் மெல்லிய வளையம் ஒன்று லேசாக ஆடியது. சுருளு நகத்தால் நெம்பினான். அது தனியாக வந்துவிட்டது. ஒட்டியிருந்த பக்கம் முழுக்கப் பசை.

பசையைச் சுரண்டி முகர்ந்து பார்த்தான். பிறகு எகிறிக் குதித்தான். "ஒட்டு! ரெண்டு பாதியாக் கடைஞ்சு ஒட்டியிருக்காருய்யா! ஒட்டு தெரியாம இருக்கத்தான் அந்தக் கோடு! வாய் வழியாக் குடைஞ்சாராம்! முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிருக்காரு!"

ஒட்டுவது ஒன்றும் பாவமில்லை. பெரிய கைகாரர்களும் ஒட்டுவார்கள். ஒட்டிவிட்டு ஒட்டவில்லை என்றதுதான் கோளாறு. சுருளு அவ்வளவு நியாயமெல்லாம் பார்க்கிற நிலையில் இல்லை. "இப்பவே போய் அவகிட்ட காட்டுறேன்" என்று செருப்பை மாட்டினான்.

"எதைக் காட்டுவ?" என்று கேட்டேன்.

ஒரு கையில் மேல்பாதி, ஒரு கையில் கீழ்ப்பாதி. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். அவளுக்குப் பரிசாக வந்த ஜாடியை அறுத்தவன் யார் என்ற கேள்விதானே முதலில் வரும்? ஆப்பை அசைத்த குரங்காக அப்படியே நின்றான். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

பிறகு அவன் செய்த வேலை இருக்கிறதே, நான் பார்த்த கைவேலையில் அதுதான் முதலிடம். பழுப்புக் கோடு அறுபட்டுப் போன இடத்தை நிரப்ப, தன் பாதி உத்தரத்திலிருந்து தீக்குச்சி அகலத்துக்கு ஒரு வளையம் கடைந்தான். அதன் இரண்டு பக்கமும் படி எடுத்து, ஜாடியின் பாதிகள் அதில் கவ்வி உட்காரும்படி செய்தான். மேல்பாதியின் மர ரேகையும் கீழ்ப்பாதியின் ரேகையும் ஒன்றோடொன்று ஓடிச் சேரும்படி திருப்பி ஒட்டினான். காய்ந்ததும் மட்டமாகச் சீவி, வளையத்தின் இரு ஓரத்திலும் மயிரிழைக் கீறல் போட்டான். அந்த உத்தரத்தில் பிடுங்கிய துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறவைத்திருந்தான். வளையத்தின் மேல் முதலில் கெட்டியான டீ டிக்காஷன், அதன் மேல் அந்த ஆணித்தண்ணீர். மரம் கண்ணெதிரே கறுத்தது. கறுப்பு கீறலைத் தாண்டி ஒரு பொட்டுகூடப் போகவில்லை. எண்ணெய் கொடுத்து, தேய்த்து, மறுபடி கொடுத்து, கடைசியாக மெழுகு. வீட்டில் கேட்டபோதெல்லாம் "மெழுகு காயுது" என்றான்.

ஜாடி வீடு திரும்பிய வாரத்தில் மூத்தவரும் அவர் மனைவியும் சாப்பிட வந்தார்கள். சமையல் கத்தியைத் தீட்டிக் கொடுக்கப் போன என்னையும் உட்காரவைத்துவிட்டாள் சுருளுவின் மனைவி. இலையை எடுத்ததும் அலமாரியிலிருந்து ஜாடியை இறக்கிக் கொண்டுவந்தாள்.

"மெழுகு போட்டதும்தான் அத்தான் வேலை முழுசாத் தெரியுது. இந்தக் கோட்டைப் பாருக்கா! மங்கிப்போய்ச் சாதாரணமா இருந்துது. இப்ப கண்ணு மை கெட்டுது. அத்தான் கைன்னா கைதான்!"

மூத்தவர் வாங்கினார். விரல் கறுப்பு வளையத்தின் மேல் ஒரு சுற்றுப் போய் நின்றது. அடியைப் பார்த்தார். வாய்க்குள் பார்த்தார். பிறகு நிமிர்ந்து சுருளுவைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். அவருடைய உளியை என் கடையில் சுருளு திருப்பித் திருப்பிப் பார்ப்பானே, அதே பார்வை. சுருளுவும் கண்டுகொண்டான். அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை மறைக்கத் தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக் குடிக்க வேண்டியதாயிற்று.

மூத்தவரின் மனைவி ஜாடியைப் பிடுங்கிப் பார்த்தாள். "நம்ம வீட்டுல இருக்கிற எதுலயும் இப்படிக் கோடு இல்லையே? மச்சினிக்கு மட்டும் தனியாப் போடுவீங்களோ?"

"அது... அப்ப ஏதோ தோணிச்சு" என்றார் மூத்தவர். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரே கூடத்தில் இரண்டு பேரிடம் பார்த்தேன்.

"எனக்கும் ஒண்ணு இதே கோட்டோட வேணும். இந்த மாசமே" என்றாள் அக்கா.

"அக்காவுக்குப் போட்டுக் குடுங்கத்தான்" என்றாள் சுருளுவின் மனைவி. புருஷன் பக்கம் திரும்பி, நிஜமான பிரியத்தோடு அவன் முடியில் தொங்கிய மரச்சுருளை எடுத்துப் போட்டாள். "அப்படியே இவருக்கும் சொல்லிக் குடுங்க. பாவம், இவரும் எவ்வளவோ முயற்சி பண்றாரு. இந்த மாதிரி ஒரு கோடு இவர் கையால வந்துட்டா நான் ஊர் பூராச் சொல்லிட்டு வருவேன்."

சுருளு வாயைத் திறந்தான். எங்கே உளறிவிடுவானோ என்று பயந்தேன். மூத்தவர் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"சொல்லிக் குடுங்க, சகல" என்றான். "கத்துக்கிறேன்."