தலைவெட்டி பங்களாவில் கல்யாண கேக்கு

இலங்கைத் தேயிலை மலையில், டிக்கோயாவில் மழை கொட்டுகிறது. பஸ்ஸைக் காணவில்லை. ரோட்டோரத்தில், பிரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் பழைய கட்டடத்தில் ஒதுங்குகிறேன். வெள்ளைக்காரத் துரைமார் கதவைச் சாத்திக்கொண்டு ரகசியக் கூட்டம் போட்ட இடம். ஊர்ச் சனங்களுக்கு இது தலைவெட்டி பங்களா. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு துரைமார் கப்பலேறிவிட்டார்கள்.

இன்று உள்ளே ஒரு கிறிஸ்தவ வேதக்காரக் கல்யாணம். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் போட்ட பந்தல் மழையில் சரிந்ததால், பங்களாவைக் காக்கும் வாச்சர் இரக்கப்பட்டுத் திறந்துவிட்டிருக்கிறார். கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரையில் பிள்ளைகள் நொண்டி ஆடுகிறார்கள். கல்யாணப் பெண்ணின் தாய் மட்டும் பங்களாவின் பேருக்குப் பயந்து உள்ளே வர மறுத்துக் குடையோடு படிக்குக் கீழே நிற்கிறாள்.

"நிஜமாவே தலைய வெட்டினாங்களா?" என்று வாச்சரிடம் கேட்கிறேன்.

"இல்லைங்க. கூட்டம் நடக்கிறப்ப வேத்தாளு நொழையாம ஒருத்தர் வாளோட வாசல்ல நிப்பாரு. அதப் பாத்துட்டு கட்டுன கதை. உள்ள என்னா பேசுனாங்கன்னு எனக்கே தெரியாது. என்னையும் வெளிய அனுப்பிருவாங்க."

கேக்கு வெட்டக் கத்தி கொண்டுவர மறந்துவிட்டார்கள். சிறிது நேரம் தேடிப் பார்க்கிறார்கள். வாச்சர் தலையைச் சொறிந்துகொண்டே போய், அலமாரியிலிருந்து அந்த வாளையே எடுத்து வந்து துடைத்துக் கொடுக்கிறார். பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து பிடித்து வெட்டுகிறார்கள்.

ஒரு கையில் முதல் துண்டும் மறு கையில் வாளுமாகப் பெண் படிக்கு வருகிறாள்.

"இந்த வாளு வெட்டுனது இந்தக் கேக்கு மட்டுந்தாம்மா. தின்னு பாரு."

தாய் வாயில் போட்டு மெல்லுகிறாள். குடையை மடக்குகிறாள்.

"வாளக் கீழ வைடி. உள்ள வர்றேன்."