அருவிக்கரையில் கண்ணாடி பிடித்தவர்

சாரல் சீசனில், குற்றாலம் மெயின் அருவிக்கரையில் அவரைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். சட்டைப் பையிலும் பொத்தான் இடுக்குகளிலும் இருபது மூக்குக்கண்ணாடிகள் தொங்கின. குளிக்கப் போகிறவர்கள் அவரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நானும் கொடுத்தேன்.

குளித்துவிட்டு வந்து, “நீங்க குளிக்கலையா அண்ணாச்சி?” என்றேன்.

“இது எங்கப்பா செஞ்ச சேவை. எல்லாரும் குளிச்ச பெறவுதான் நான் குளிப்பேன்னு குற்றாலநாதர்கிட்ட வேண்டிக்கிட்டாவ. வீட்லயும் நாங்க சாப்பிட்ட பெறவுதான் சாப்பிடுவாவ. வீட்லயாவது சோறு மிஞ்சும். இங்கன கூட்டம் கொறையவே இல்ல. கடைசிவரை அவுக குளிக்கல.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு என் கண்ணாடியை எடுக்கப் போனேன். கை தவறி, நூல் சுற்றிய ஒரு பழைய கண்ணாடியில் பட்டுவிட்டது. அவர் பதறி என் கையைப் பிடித்தார்.

“அது அப்பாவுது. போன வாரம் அஸ்தியை இங்கனதான் கரைச்சோம். இப்பத்தான குளிக்காவ. வந்ததும் கேப்பாவ.”

“குளிச்சது போதும், வெளிய வாங்க!” என்று போலீஸ்காரர் அருவியைப் பார்த்து விசில் ஊதினார்.

“கொஞ்சம் பொறுங்க சார், பெரியவர் ஒருத்தர் குளிக்காவ” என்று என் வாய் சொல்லிவிட்டது.