அம்மா குறைத்த வயது

அம்மா தன் முகத்தைச் சரிசெய்யக் கிளம்பியபோது எனக்கு எட்டு வயது. அப்பா இறந்து வருடம் திரும்பியிருந்தது. ரங்கூனின் ஓரத்தில், தாகேதாவில் வாடகை அறை ஒன்றில் இருந்தோம். அம்மா நாலு வீட்டுத் துணியை வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். அந்தக் கரிச்சூட்டில் அவள் முகம் வயதுக்கு முன்பே சுருங்கிவிட்டது. சிங்கப்பூருக்கு வீட்டு வேலைக்குப் போனால் கரையேறலாம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

டவுனுக்குள் லான்மடாவில் ஆள் அனுப்பும் ஏஜென்ட்காரியும் தமிழச்சிதான். அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"காயிதத்துல வயசக் கொறச்சிரலாம்க்கா. மொகத்துல யாரு கொறைக்கிறது? ஒரு மாசம் கழிச்சு வாங்க."

அவள் ஆபீஸ் மாடியிலிருந்து இறங்கியதும் அம்மா ஒரு கடையில் சுருக்கம் போக்கும் க்ரீம் வாங்கினாள். ராத்திரி மட்டும், பயறளவு தடவ வேண்டும், பகலில் வெயில் படக்கூடாது என்று கடைக்காரப் பெண் பொறுமையாகத்தான் சொன்னாள். வெயில் என்றதும் அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குத்தான் தனக்காக் கட்டை இருக்கிறதே. அந்தக் கட்டையைக் கல்லில் உரைத்துக் கன்னத்தில் பூசிக்கொண்டால் சூரியனும் ஒன்றும் செய்யாது என்று நம்பாதவள் ரங்கூனில் பிறந்திருக்க முடியாது. நாள் ஓட ஓட, பயறு கொட்டைப்பாக்காயிற்று. ராத்திரியோடு பகலும் சேர்ந்துகொண்டது. மேலே தனக்காவை அப்பிக்கொண்டு, துணிமூட்டையோடு வெயிலில் அலைந்தாள்.

முதலில் தோல் மினுங்கியது. பிறகு உரிந்தது. அப்புறம் வெந்த மாதிரி சிவந்தது. காய்ந்த தனக்கா புண்ணில் ஒட்டிக்கொள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு முகம் கழுவுவாள்.

"போதும்மா, விட்ரும்மா," என்றாள் அக்கா.

"புதுத் தோலு வரப்போவுதுடி. நீ படி."

அக்கா பத்தாவது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் படிப்பு நிற்கக்கூடாது என்றுதான் அம்மா இத்தனை பாடும் பட்டாள். நானோ, புதுத் தோல் வரவே கூடாது, அம்மா போகவே கூடாது என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

மாசம் கழிந்து மூவருமாகப் போனோம். ஏஜென்ட்காரி அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பிறகு அவள் பார்வை அக்கா மேல் போய் நின்றது.

"இது பெரியவளா? வயசு பத்தாது. ஏத்திக்கலாம்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அம்மா முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவள் தரையைப் பார்த்தாள். அக்காதான், "நான் போறேம்மா," என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மாரியம்மன் கேட்டதைக் கொடுத்துவிட்டாள், அம்மா எங்கும் போகவில்லை. ரோட்டில் குதித்துக்கொண்டே வந்தேன்.

அக்கா போன இரண்டாம் வருடம் போன் வருவது நின்றது. விசாரிக்கப் போனால் ஏஜென்ட்காரியே அங்கே இல்லை. இப்போது நான் அக்காவின் அன்றைய வயதைத் தாண்டிவிட்டேன். இனி அவள் வருவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போன காலை மட்டும் மறக்கவில்லை. அம்மா அக்காவின் ஜடையைப் பிரித்துக் கொண்டை போட்டாள். தன் சேலையைக் கட்டிவிட்டாள். அவள் கன்னத்துத் தனக்காவைச் சுத்தமாகத் துடைத்தெடுத்தாள். அது இருந்தால் சின்னப்பிள்ளையாகத் தெரிகிறதாம்.

"வயசு தெரியுதாடி?" என்று என்னைக் கேட்டாள்.

நான் கைதட்டிச் சிரித்தேன். "அக்கா அச்சு அசலா உன்ன மாதிரியே இருக்கா."

நல்லதைத்தானே சொன்னேன், அம்மா ஏன் சீப்பைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.