சாவுப்பெட்டிக்கு மேலே

காலிக் குளத்தில் இறங்கியதும் லோர்னா தகேமோட்டோ முட்டி போட்டு, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் உள்ளங்கையால் சுவரைத் தொடுவாள். விரிசல், பொருக்கு எல்லாம் அந்தக் கைக்குத் தெரிந்துவிடும். "பூசினவன் அவசரப்படல. மனுஷன் மத்தியானம் நல்லா சாப்பிட்டிருக்கான்" என்பாள்.

வீட்டு நீச்சல்குளங்களின் பழைய பூச்சைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசுவது அவள் தொழில். க்ளெண்டேல் பக்கம் முப்பத்தோரு வருடமாகச் செய்கிறாள். ஒரே நிபந்தனைதான். தண்ணீரை இறைத்த பிறகு, கொத்துவதற்கு முன், ஒரு முற்பகல் குளம் அவளுடையது. சம்மதமில்லாதவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். வண்டியில் பூச்சுக் கரணைகளுக்கு நடுவே அவளுடைய ஸ்கேட்போர்டு, அந்தச் சக்கரம் வைத்த பலகை, எப்போதும் கிடக்கும். காலிக் குளத்தின் வளைந்த சுவரில் அதை ஓட்டத்தான் அந்த முற்பகல்.

அந்த விளையாட்டின் சரித்திரத்தை லோர்னாவின் உடம்பிலேயே படித்துவிடலாம். முகவாய்த் தழும்பு எட்டு வயதில் வந்தது. அலையில்லாத நாளில் அலைச்சறுக்குக்காரர்கள் தெருவில் உருட்டிய பலகை, களிமண் சக்கரம், ஒரு கூழாங்கல். "ஒரு பட்டாணி அளவு கல்லு போதும். பலகை அங்கேயே நிக்கும், நாம அடுத்த தெருவுல இருப்போம்." பதினைந்தில் மணிக்கட்டு முறிந்தது. அப்போது மெத்தென்ற புதுச் சக்கரம் வந்து, கல்லை விழுங்கிக்கொண்டு ஓடியது, வேகம்தான் அடங்கவில்லை. முழங்கை, ஒட்டுப்பலகையில் வளைவு கட்டி ஏறிய காலத்தது. நெற்றியில் இருப்பது நூலகப் படிக்கட்டின் கைப்பிடிக் கம்பியில் பலகையோடு சறுக்கியபோது வந்தது. அன்று போலீஸ் துரத்தியது. இன்று பதின்மூன்று வயதுப் பெண்கள் அதே வித்தைக்கு ஒலிம்பிக் பதக்கம் வாங்குகிறார்கள். லோர்னா தொலைக்காட்சி முன் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுகிறாள்.

இடது காறை எலும்பின் முடிச்சு மட்டும் அவளைத் தூங்கவிட்டதில்லை. அது எழுபத்தேழாம் வருடம், பெரிய வறட்சி. ஊரிலுள்ள குளமெல்லாம் வற்றிக் கிடக்க, பையன்கள் மதிலேறிக் குதித்து அவற்றில் ஓட்டினார்கள். பதினேழு வயது லோர்னாவும் ஒரு வீட்டுக் குளத்தில் குதித்தாள். குளத்தின் ஆழப்பக்கம், விளிம்புக்கல்லுக்குச் சற்றுக் கீழே, இலைதழையை இழுத்துக்கொள்ளச் சதுரமாய் ஒரு துவாரம் இருக்கும். சக்கரம் அதில் மாட்டினால் ஆள் தலைகீழ். அதனால் அதற்குச் சாவுப்பெட்டி என்று பெயர். அதற்கு மேலே, விளிம்புக்கல்லில் பலகையின் இரும்பு அச்சு உரச அவள் போகப் பார்த்தாள். எலும்பு முறிந்த சத்தம் மேலே நின்ற சிநேகிதன் ரூபென் அர்ச்சுலேட்டாவுக்குக் கேட்டது.

நாற்பத்தெட்டு வருடம் கழித்து அதே குளத்துக்குப் பூச்சு வேலை அவளுக்கே வந்தது. போன வருடம்தான் இடுப்பு மூட்டை மாற்றியிருந்தார்கள். இன்னொரு முறை விழுந்தால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். "அதுலயும் சக்கரம் இருக்குல்ல" என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தவள் இவள்.

வீட்டுச் சொந்தக்காரி சிரானுஷ் அம்மாளுக்கு எழுபத்திரண்டு வயது. காப்பிச் செம்பும் கையுமாக விளிம்பில் வந்து நின்றார்.

"ஏம்மா, மாடிப்படி ஏறவே நான் கைப்பிடிய விடமாட்டேன். நீ உள்ள விழுந்து செத்தா யார் பதில் சொல்றது?"

"இதோ நிக்கிறானே ரூபென், அவன் சொல்லுவான். பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன், போலீஸ்கிட்ட பேசிப் பழக்கம்."

லோர்னா பக்கச் சுவரில் ஏறி இறங்கி உடம்பைச் சூடேற்றினாள். வெள்ளைக் கூந்தல் பறக்க அவள் வளைந்த அழகைப் பார்த்தபோது வயது என்பதே யாரோ கிளப்பிவிட்ட புரளி என்று தோன்றியது. ரூபென் தன் பலகையின் வாலால் விளிம்புக்கல்லைத் தட்டினான்.

"எதுக்குப்பா என் கல்ல உடைக்கிற?" என்றார் சிரானுஷ் அம்மாள்.

"இது எங்க கூட்டத்துக் கைதட்டு அம்மா. நல்லாப் போனா கல்லைத் தட்டணும். யாரும் தட்டலைன்னா அவ போகவே இல்லன்னு அர்த்தம்."

சாவுப்பெட்டியை நோக்கி இரண்டு முறை போனாள். இரண்டு முறையும் ஒரு சாண் முன்னாலேயே திரும்பிவிட்டாள். "விடு லோர்னா, யாருக்குக் காட்டணும்?" என்றான் ரூபென். அவள் மூன்றாம் முறை பலகையை எடுத்ததும் அவன் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டான்.

கல்லில் இரும்பு கரகரத்தது. துவாரத்துக்கு மேல் வந்ததும் ஒலி வெற்றுப் பெட்டியைத் தட்டினாற்போல் ஆனது. பிறகு மறுபடி கெட்டிக் கல். அவள் அந்தப் பக்கம் வழுக்கி இறங்கி, குளத்தின் நடுவில் வந்து நின்றாள்.

"விழுந்துட்டியா?" தொப்பிக்குள்ளிருந்து குரல்.

"போயிட்டேன்டா."

தொப்பி இறங்கியது. ரூபெனின் முகம் வெளிறியிருந்தது. "நான் பாக்கலையே, லோர்னா."

பார்க்காததற்குத் தட்டுவது அவர்களிடம் பொய்ச்சாட்சிக்குச் சமம். அவன் பலகையைத் தொடவில்லை. இவளும் கேட்கவில்லை. இன்னொரு தடவை போகக் காலில் தெம்பில்லை. குளத்தின் அடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

சாவுப்பெட்டிக்கு நேர் மேலே நின்ற சிரானுஷ் அம்மாள் மட்டும் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தவர். கைப்பிடி எதுவுமில்லாமல், முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்தார். செம்பின் அடியால் விளிம்புக்கல்லைத் தட்டினார். காப்பி தளும்பிக் கையில் கொட்டியது. அவர் தட்டிக்கொண்டே இருந்தார்.