மூன்றாவது ஒயர்

"இந்தப் பொண்ணுக்குக் காது கேக்குதா முதலாளி?" என்று ஃபோர்மேன் தாஸ் அண்ணன் கேட்டது என்னைப் பற்றித்தான். நேற்று ரங்கசாமி குளத்தருகே ஒரு பழைய வேனுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் மாட்டிக்கொண்டேன். கருகிய ஆயில் வாசனை. அது மூக்கில் ஏறினால் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும்.

அது பல வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போதுதான் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்திருந்தேன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். உங்களிடம் இதைச் சொல்ல இத்தனை வரி ஆனதே அதிசயம்.

ஏனாத்தூர் ரோட்டுப் பட்டறையில் முதலாளி, "ஒரு வாரம் பாக்கலாம். சரிப்பட்டா வெச்சிக்கலாம்" என்று சேர்த்துக்கொண்டார். ஐந்து நாள் நன்றாகவே போனது. அதாவது, யாரும் என்னை எதையும் தொடவிடவில்லை. ஆறாம் நாள் ஒரு பட்டு வியாபாரி பழைய பெட்ரோல் காரோடு வந்தார்.

"எஞ்சின்ல டக்கு டக்குன்னு அடிச்சிக்கினே இருக்குதும்மா. நான் தெருமுனையில திரும்பும்போதே என் சம்சாரம் தோசைக்கல்லை அடுப்புல வெக்குது."

பானெட்டுக்குள் தலையை விட்டு, முகத்தைப் பெரிய படிப்பு படித்தவள்போல வைத்துக்கொண்டு காது கொடுத்துக் கேட்டேன். "சத்தம் ஒண்ணுமில்லையே சார். நார்மல்."

அப்போதுதான் தாஸ் அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்டார். "எதிர்ல டீக்கடைக்காரருக்கே கேக்குதும்மா!" என்று என்னிடமும் சொன்னார்.

எனக்கு நிஜமாகவே கேட்கவில்லை. பிள்ளையார்பாளையத்தில் இரண்டு தறிகளுக்கு நடுவே தூளியில் தூங்கியவள் நான். ஒரே தாளத்தில் அடிக்கும் சத்தத்தை என் காது ஓரமாக வைத்துவிடும். தறி நின்றால்தான் எங்கள் வீட்டில் எல்லோரும் தலைநிமிர்வோம். எங்கோ இழை அறுந்திருக்கும்.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? தெருமுழுக்க 'எஞ்சினியர்' என்று நானே பரப்பியிருந்தேன். புத்தகத்தில் படித்த ஒன்றுதான் மிச்சமிருந்தது. எஞ்சின் ஓடும்போதே ஸ்பார்க் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். எதைக் கழற்றும்போது சத்தம் அமுங்குகிறதோ, கோளாறு அந்த சிலிண்டரில்.

"கேக்காத சத்தம் நின்னா மட்டும் எப்படிம்மா கேக்கும்?" என்றார் தாஸ் அண்ணன். நியாயமான கேள்வி.

முதல் ஒயர் ஷாக் அடித்தது. நான் போட்ட கூச்சலில் எஞ்சின் சத்தம் யாருக்குமே கேட்கவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டாவதைக் கழற்றினேன். ஒன்றுமில்லை. மூன்றாவதைக் கழற்றியதும் என் தலை தானாக நிமிர்ந்தது.

"நின்னுடுச்சுண்ணே! மூணாவது!"

அண்ணன் அடியில் படுத்து ஆயில் சட்டியை இறக்கினார். மூன்றாவது கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது. என்னைப் பார்க்காமலே, "நாளைக்கி எட்டு மணிக்கெல்லாம் வந்துடும்மா" என்றார். வீட்டில், கணக்குப் போட்டுக் கண்டுபிடித்ததாகச் சொல்லிவைத்தேன்.

அந்தப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். கையால் கழற்ற ஒயர் உள்ள கார்களும் வருவதில்லை; ஸ்கேனரைச் செருகினால் அதுவே கோளாறைச் சொல்லிவிடுகிறது. எஞ்சினே இல்லாத கார்களும் ஓடத் தொடங்கிவிட்டன. போன திங்கட்கிழமை மின்சாரக் கார் பயிற்சியில் சேர்ந்துவிட்டேன். பேட்டரிப் பெட்டியை முதலில் திறக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் எழுந்துவிட்டேன். ஷாக் அடிக்காமல் இருக்கக் கொடுத்த ரப்பர் கையுறை இரண்டு அளவு பெரியது. அப்படியே மாட்டிக்கொண்டேன்.